காஞ்சிபுரத்துப் பாவும் எங்கள் மல்பெரித் தோட்டமும்

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். 'காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு பட்டு நெய்கிறார்கள். ஆனால், சுற்றுவட்டாரத்தில் ஒரு மல்பெரித் தோட்டம்கூட என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு இருக்கின்றன. நான் மல்பெரி போடலாமா?' என்பது கேள்வி. ஆசிரியர் குழு அதை என் பக்கம் தள்ளிவிட்டது. நான் உடுமலைப்பேட்டைக்காரன். 1994-ல் இருந்து புழு வளர்க்கிற குடும்பம். போதாக்குறைக்கு, மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அந்த மாதம் காஞ்சிபுரம் போவதாக இருந்தேன்.

இத்தனை வருடம் கூடு விற்றவன், ஒரு தறியை நேரில் பார்த்ததில்லை என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூட்டை மார்க்கெட்டில் கொட்டுவோம், எடை போடுவோம், பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். அதன்பிறகு அது எங்கே போகிறது என்று கேட்டதே இல்லை. கிளம்பும்போது வீட்டுக்காரம்மா, "வெறுங்கையோட போவாதீங்க" என்று ஒரு பையில் இருபது முப்பது வெண்பட்டுக் கூடுகளைப் போட்டுக் கொடுத்தார்.

அதிகாலையில் காஞ்சிபுரம் இறங்கினேன். மந்தாரை இலையில் வைத்துத் தந்த காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, காந்தி சாலைப் பக்கம் போகாமல் நேராகப் பிள்ளையார்பாளையம் நடந்தேன். கடைகள் திறக்க நேரம் இருந்தது. ஆனால், தெரு விழித்துவிட்டிருந்தது. ஒரு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை நோக்கி அரக்கு நிறப் பாவு ஒன்றை நீட்டி இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசிக் கஞ்சி. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒட்டிக்கொண்ட இழைகளை விரலால் பிரித்துவிடுகிறார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வானம் கொஞ்சம் மூட்டமாக இருந்தது. அத்தனை பேரும் பாவைப் பார்க்கிற நேரம் போக வானத்தைத்தான் பார்த்தார்கள். நெல்லைக் களத்தில் காயவைத்துவிட்டு நாம் பார்ப்போமே, அதே பார்வை.

நண்பர் சொல்லி அனுப்பிய நெசவாளருக்கு அறுபது வயதிருக்கும். வீட்டின் முன்கட்டிலேயே குழித்தறி. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால், மீதி உடம்பு தரை மட்டத்துக்கு மேலே. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று நாடா. அந்தப் பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அவர் மனைவி அந்த வேலையைச் செய்துகொண்டே, அடுப்பில் இருந்ததையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நூல் எங்கிருந்துங்க வருது?" என்று கேட்டேன்.

"சொசைட்டியிலேர்ந்து வருது சார்" என்றார்.

"சொசைட்டிக்கு?"

சிரித்துவிட்டார். "பெங்களூரு பக்கம்னு சொல்வாங்க. நமக்கு எடை போட்டுக் குடுக்குறாங்க, நெஞ்சி எடை போட்டுத் திருப்பிக் குடுக்குறோம். நூலு நல்லதா இல்லையான்னு கேளுங்க, அதைச் சொல்றேன். ஊடையில எந்த நூலும் ஓடிடும் சார். பாவுலதான் அதோட யோக்கியதை தெரியும். மேடும் பள்ளமுமா இருந்தா விழுதுல உராஞ்சி உராஞ்சி அறுக்கும். அறுந்தா எறங்கிப் பிணைக்கணும். ஒரு நாளைக்கு அம்பது தடவை அறுந்தா எங்கேர்ந்து நெய்யிறது? கூலி புடவைக்குத்தானே, நாளுக்கு இல்லையே."

நூல் அறுவதால் போகும் நெசவாளரின் நாள், மல்பெரி போடலாமா என்ற கேள்விக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். பட்டுப்புழு வளர்ப்பில் கடந்த முப்பது வருடத்தில் நடந்த ஆராய்ச்சியெல்லாம் அந்த அறுந்த பாவு நூலில் தொடங்கியதுதான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். காஞ்சிபுரத்துக்குப் பட்டு வெகுகாலமாக மைசூர்ச் சீமையிலிருந்தும் கொள்ளேகாலத்திலிருந்தும் வந்தது. கொள்ளேகாலம் 1956 வரை நம்முடைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த தாலுகா. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. அதோடு நம்முடைய பெரிய மல்பெரிச் சீமையும் போய்விட்டது. நெய்கிற ஊர் இங்கே, இலை முளைக்கிற ஊர் அங்கே. பிறகுதான் ஓசூர், தர்மபுரி, எங்கள் உடுமலை என்று மல்பெரி பரவியது.

அப்போது நாங்கள் வளர்த்தது மஞ்சள் கூடு. நம் ஊர் வெக்கையைத் தாங்கும் நாட்டுப் புழுவோடு கலந்த கலப்பினம். எதையும் தாங்கும். ஆனால், நூல் குட்டை, சீரும் இல்லை. ஊடைக்கு ஆகும், பாவுக்குத் திணறும். சீனாவிலிருந்து சீரான வெண்பட்டு நூல் இறக்குமதியாகத் தொடங்கியதும் பாவுக்கு அதைத் தேடுகிறவர்கள் கூடினார்கள். எங்கள் கூட்டின் விலை விழுந்தது. நெசவாளரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அந்தத் தறி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபிறகு எனக்கே அது விளங்கியது.

1991-ல் இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து வெண்பட்டுக்கான கூட்டு ஆராய்ச்சியைத் தொடங்கின. ஜப்பானின் ஜைக்கா அமைப்பும் மத்தியப் பட்டு வாரியமும் கைகோத்தன. மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம்தான் மையம். மூன்று கட்டமாக 2007 வரை நடந்தது. முதல் கட்டத்தில் புழு இனங்களை உருவாக்கினார்கள். சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 என்று இன்றைக்கும் நாம் வாயில் சொல்கிற இனங்கள் அங்கே பிறந்தவை. வி-1 மல்பெரியும் அதே நிலையத்தின் அதே காலத்து வெளியீடு. இரண்டாம் கட்டத்தில் விவசாயிகளின் வீட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். 2002-ல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில்தான் கர்நாடகம், ஆந்திரத்தோடு தமிழ்நாடும் சேர்ந்தது.

வெண்பட்டுப் புழு செல்லப்பிள்ளை. வெப்பம் 24-லிருந்து 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நாங்களோ புழுவை வீட்டுக்குள், நாங்கள் சமைத்து உறங்கும் கூரைக்குக் கீழேயே, மூங்கில் தட்டில் வளர்த்தோம். அடுப்புப் புகை, கொசுவர்த்தி, விருந்தாளியின் பீடி எல்லாம் அதற்கும் சேர்த்துத்தான். முதல் தடவை வெண்பட்டு எடுத்தபோது பால் நோய் வந்து பாதிக்கு மேல் போனது. "மைசூர்ல வளருது, ஜப்பான்ல வளருது, நம்மூட்ல மட்டும் சாவுது" என்று என் அண்ணன் தட்டுகளைத் தூக்கிக் குப்பைக்குழியில் கொட்டினார்.

அதற்கு முன்பும் நல்ல இனங்கள் வந்தன. வந்தவர்கள் முட்டையைக் கொடுத்தார்கள், போனார்கள். இந்தத் திட்டத்தில் முட்டையோடு வீட்டையும் ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தார்கள். புழுவுக்குத் தனி மனை கட்டு, ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய், இலையைப் பறிக்காதே, கிளையோடு அறுத்துப் போடு, முதல் இரண்டு தோலுரிப்பு வரை இளம்புழு வளர்ப்பு மையத்தில் வளர்ந்ததை வாங்கு என்றார்கள். தனி மனைக்கு நான் ஒரு வருடம் முணுமுணுத்தேன். மகளுக்கு ஓர் அறை கட்ட முடியாதவன் புழுவுக்கு வீடு கட்டுவதா என்று. கட்டியபிறகு நூறு முட்டைத் தொகுதிக்கு முப்பத்தைந்து கிலோ எடுத்த இடத்தில் அறுபது, அறுபத்தைந்து என்று வந்தது. கிளையோடு போட்டதில் ஆள்கூலி பாதியாகக் குறைந்தது. புழுவுக்கு அந்த வீடு கொடுத்த வருமானத்தில்தான் மகளுக்கு அறை வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் விளையும் பட்டில் பெரும்பகுதி வெண்பட்டுதான்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பப்பாளி மாவுப்பூச்சி வந்தது.

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. எப்படி வந்ததோ, அதன் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வேலியோரச் செம்பருத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. எங்கள் தோட்டத்தில் 2009 கோடையில் கொழுந்து சுருண்டு, முடிச்சு முடிச்சாகி, மேலே கோதுமை மாவு தூவியது போல ஆனது. நசுக்கினால் மஞ்சளாகச் சாறு வரும். எறும்பு வரிசை கட்டி ஏறும். அந்த இலையைப் புழு தொடாது.

பப்பாளிக்காரருக்கும் மரவள்ளிக்காரருக்கும் மருந்தடிக்க வழியிருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. இலைக்கு அடிக்கிற விஷம் புழுவுக்கும் விஷம். புழுவும் பூச்சிதானே! அடித்துவிட்டுப் பதினைந்து நாள் காத்திருந்தால், அதற்குள் மாவு திரும்ப ஏறிவிடும். அந்த மெழுகுப் பூச்சுக்குள் மருந்து இறங்குவதும் இல்லை. ஆனாலும் அடித்தோம். கடைக்காரர் ஒன்று சொல்வார், அது கேட்காவிட்டால் இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே போல வெள்ளை மாவு பூசிக்கொண்டு தடித்த புழு ஒன்று நெளியும். அதையும் சேர்த்து நசுக்கினேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் நம் நாட்டு வண்ணத்துப்பூச்சியின் புழு என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்பால்ஜிஸ் என்று பெயர். அதன் கூட்டுப்புழு அச்சாகக் குரங்கு முகம் போலவே இருக்கும்.

2010 சித்திரையில் அண்ணன் தன் ஒன்றரை ஏக்கரையும் டிராக்டர் விட்டுப் பிடுங்கினார். எட்டு வருடச் செடி. வேரோடு வரப்பில் குவித்துத் தீ வைத்தபோது யாரும் பேசவில்லை. "நீயும் புடுங்கீரு. இன்னும் எதுக்குப் பாத்துட்டிருக்கறே?" என்றார். நானும் பிடுங்கியிருப்பேன். தனி மனைக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது, மல்பெரி இல்லாவிட்டால் அதை எப்படி அடைப்பது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். அதற்கு மேல் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை.

அந்த வருடம்தான் பல நாட்டு ஆராய்ச்சி ஒன்று எங்கள் வரப்புவரை வந்தது. இது என்ன பூச்சி என்று முதலில் அடையாளம் கண்டு பதிவுசெய்தவர்களில் ஒருவர் பூச்சியியலாளர் இரா. முனியப்பன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய பல நாட்டு ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர். கரீபியன் தீவுகளில் இதே பூச்சியை மூன்று வகைக் குட்டிக் குளவிகள் அடக்கியிருந்தன. அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அந்தக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி மையம் 2010-ல் வரவழைத்தது. தனிமைப்படுத்திய கூடத்தில் வைத்துச் சோதித்து, வேறு எதற்கும் கெடுதல் இல்லை என்று தெரிந்தபிறகே வெளியே விட்டார்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை வளர்த்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையங்கள், பட்டு வளர்ச்சித் துறை எல்லாம் சேர்ந்து ஊர் ஊராகக் கொண்டுபோயின.

எங்கள் ஊருக்குக் குளவி வந்தது ஒரு சின்னக் குப்பியில். அசிரோபேகஸ் பப்பாயே என்று பெயர் சொன்னார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் தூசு மாதிரிதான். கடுகில் பாதி இருக்காது. இது மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். உள்ளே வளரும் புழு அதைத் தின்றுவிட்டு, காய்ந்த தோலில் ஓட்டை போட்டு வெளியே வரும். குப்பியைத் திறந்து செடியில் விட்டுவிட்டு அதிகாரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மருந்தடிக்காதீங்க. மாவு புடிச்ச கொழுந்தைக் கிள்ளி எரிக்கவும் வேண்டாம், அதுக்குள்ளதான் குளவி இருக்கும்."

சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போது தெரிந்தது. தெளிப்பான் திண்ணையில் கிடக்கிறது, செடி கண் முன்னால் காய்கிறது, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளி போட்டவரிடம் போய், அவரும் அடிக்காமல் இருக்கும்படி கெஞ்ச வேண்டும். அவர் அடித்தால் என் குளவியும் சாகும். பெங்களூர்க்காரரும் அமெரிக்காக்காரரும் செய்த வேலையை ஒரே மதியத்தில் ஒரு கைத்தெளிப்பான் இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போது புரிந்தது. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினோம். சிலர் கேட்டார்கள், சிலர் ராத்திரியில் அடித்தார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

2011 கோடைக்குள் எங்கள் தோட்டத்தில் நிமிர்ந்த கொழுந்து வந்தது. இன்றைக்கும் தேடினால் மாவுப்பூச்சி கிடைக்கும். குளவியும் கிடைக்கும். யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை, யாரும் திரும்ப வளர்த்து விடவில்லை.

அண்ணன் பிடுங்கிய இடத்தில் தென்னை வைத்தார். 2016-ல் பொள்ளாச்சியில் தொடங்கி அந்தத் தென்னைக்கும் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஊரில் எல்லோரும் மருந்துக்கு ஓடியபோது, "அடிக்காதீங்கடா, குளவி வரும்" என்று டீக்கடையில் நின்று சத்தம் போட்டவர் அவர்தான். வந்தது. அந்த ஒன்றரை ஏக்கர் மல்பெரியைப் பற்றி மட்டும் இன்றுவரை அவர் வாய் திறப்பதில்லை.

வாசகர் மாடுகளைப் பற்றிக் குறிப்பிட்டிருந்ததால் ஒரு வார்த்தை. என்னைக் கேட்டால் பட்டுப்புழுவும் கால்நடைதான். தீனி, கொட்டகை, நோய், சந்தை எல்லாம் மாட்டுக்குள்ளவையே. புழு தின்றது போக மிஞ்சும் இலையையும் இளந்தண்டையும் எங்கள் மாடுகள் விரும்பித் தின்னும், ஆடு கேட்கவே வேண்டாம். புழுவின் எச்சமும் சாணமும் மட்கி மல்பெரிக்கே போகின்றன. மாடு இருக்கிற வீட்டில் மல்பெரிக்கு உரச் செலவு குறையும். நோய் விழுந்த தொகுதியின் கழிவை மட்டும் மாட்டுக்கும் போடாமல், குப்பையிலும் சேர்க்காமல் தனியே புதைக்க வேண்டும்.

இனி அவருடைய கேள்வி. காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏன் மல்பெரி இல்லை? அன்று மதியம் பாலாற்றுப் பக்கம் பஸ்ஸில் போனபோதே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஏரியும் ஏரிக்குக் கீழே நெல்லும் உள்ள நாடு இது. மல்பெரி வேர் நீர் தேங்குவதைப் பொறுக்காது. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில் வெண்பட்டுப் புழுவைக் காப்பதும் லேசில்லை. இதெல்லாம் முடியவே முடியாது என்பதற்கில்லை, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் வளர்க்கிறார்கள். உங்கள் ஒன்றரை ஏக்கர் மேட்டுப்பாங்கான செம்மண்ணாக, வடிகால் உள்ளதாக இருந்தால் யோசிக்கலாம். ஏரிப் பாசன நஞ்சை என்றால் வேண்டாம், நெல்லே போடுங்கள்.

இன்னொன்று, காஞ்சிபுரம் பக்கத்தில் இருப்பதால் கூட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நெசவாளர் கூடு வாங்குவதில்லை. கூட்டை வாங்குபவர் நூற்பாளர். அதன்பிறகு முறுக்கு, பரிவர்த்தனை நிலையம், சொசைட்டி, சாயம், பாவு என்று கைமாறித்தான் தறிக்கு வருகிறது. ஆகவே, நீங்கள் பார்க்க வேண்டியது தறி எவ்வளவு தூரம் என்பதல்ல. கூட்டுச் சந்தை எவ்வளவு தூரம், இளம்புழு மையம் எவ்வளவு தூரம், சுற்றியுள்ள நெல் வயலில் எப்போது, எந்தக் காற்றில் மருந்தடிக்கிறார்கள் என்பவை. முதலில் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் விசாரித்து, வளர்க்கிற ஒருவர் வீட்டில் இளம்புழு இறக்குவது முதல் கூடு எடுப்பது வரை ஒரு முறை முழுக்கக் கூட இருந்து பாருங்கள். மனையைத் திட்டமிடும்போதே கூரை வெக்கையை எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் முதல் முட்டையை எடுக்காதீர்கள். அரை ஏக்கரில் தொடங்குங்கள்.

பதில் எழுதிக்கொண்டே இருந்ததில் புடவையை மறந்துவிட்டேன். சாயங்காலம் விடைபெறப் போனபோது நெசவாளரிடம் கூட்டுப் பையை நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நாற்பது வருடம் பட்டு நெய்தவர், கூட்டை முதன்முதலாகத் தொடுகிறார்.

"இதுல ஒண்ணுல எவ்ளோ நூலு சார்?"

"நல்ல வெண்பட்டுன்னா ஆயிரம் மீட்டர் பக்கம் வருமுங்க."

"ஒரு புடவைக்கு?"

அரைக் கிலோ பட்டு என்று வைத்து மனசுக்குள் பெருக்கினேன். "ரெண்டாயிரம் கூட்டுக்கு மேல ஆவும்."

அவர் மனைவி ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கூட்டுப்புழு லொடலொடவென்றது. "உசுரோட இருக்கா?" என்றார். இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் அந்துப்பூச்சியாக வெளியே வந்துவிடும் என்றேன். "அப்ப வரட்டும்" என்று சொல்லி, கூடுகளை ஒரு பித்தளைத் தட்டில் பரப்பி, எறும்பு ஏறாமல் தட்டைச் சுற்றித் தண்ணீர் வைத்து, தறிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார்.